600 வாட் பேனல் இருந்தும் இரண்டாம் விடியலுக்கு முன் மின்சாரம் நின்றுவிடுகிறது: இன்னொரு பேனல் வாங்கலாமா?

வெயில்தடம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நானும் என் மனைவியும் ஏழு மாதங்களாக ஒரு கேரவன் வண்டியையே வீடாகக் கொண்டு பயணம் செய்துவருகிறோம். இருவருக்கும் இணையவழி வேலை என்பதால் மின்சாரம் எங்களுக்கு வசதிப் பொருள் அன்று, அது பிழைப்பு. கூரையில் மூன்று 200 வாட் சோலார் பேனல்கள் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் உள்ளன. 100 வோல்ட் வரை தாங்கும் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல்களிலிருந்து பெறக்கூடிய உச்ச மின்திறனைத் தேடிப்பிடித்து பேட்டரிக்கு அனுப்பும் கருவி), 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் செய்ய 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஆகியவையும் உண்டு.

எங்கள் சிக்கல் இதுதான். மாலை ஐந்து மணியளவில் பேட்டரி முழுமையாக நிறைந்த நிலையில் ஓரிடத்தில் வந்து நிற்கிறோம். முதல் இரவும் மறுநாள் பகலும் எந்தக் குறையுமின்றிக் கழிகின்றன. ஆனால் இரண்டாம் விடியலுக்கு முன், ஐந்து மணிவாக்கில், எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடுகிறது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தானாகத் துண்டித்துக்கொள்கிறது. அந்த நேரத்திலும் பேட்டரி மானிட்டர் 33 சதவீதம் மீதமிருப்பதாகக் காட்டுகிறது. ஒரு முறை அல்ல, நான்கு முறை இப்படி நடந்துவிட்டது.

என் கணக்கில் நாளொன்றுக்குச் செலவு 2080 வாட்-மணி: குளிர்பெட்டி 550, இரண்டு மடிக்கணினிகள் 500, செயற்கைக்கோள் இணையக் கருவி 45 வாட் வீதம் 14 மணி நேரத்துக்கு 630, கூரை விசிறி 250, விளக்கு, தண்ணீர்ப் பம்ப், கைபேசிகள் எல்லாம் சேர்த்து 150. வரவு, ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்கு 3000 வாட்-மணி வரவேண்டும். வரவு கூடுதலாக இருந்தும் கையிருப்பு ஏன் கரைகிறது? பேட்டரி பழுதா? நான்காவது பேனல் ஒன்றைத் தொடரில் சேர்த்தால் தீருமா? வாங்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கூரைவாசி

கூரையில் இடமிருந்தால் பேனல் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பேட்டரியை விடப் பேனலுக்கு ஆயுள் அதிகம், அதில் பராமரிப்பும் குறைவு. நான் 400 வாட்டில் தொடங்கி 800 வாட்டுக்குச் சென்ற பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மின்கணக்கு

கூரைவாசி சொல்வது பொதுவாகச் சரியாக இருக்கலாம். ஆனால் இந்த வண்டியில் நான்காவது பேனலைத் தொடரில் சேர்ப்பது கன்ட்ரோலரைக் கொன்றுவிடும். தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள்.

வெயில்தடம் அவர்களே, உங்கள் பேனலின் பின்புறம் ஒட்டியுள்ள விவரச் சீட்டில் திறந்த சுற்று வோல்டேஜ் (எதனோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) எவ்வளவு என்று பாருங்கள். 200 வாட் பேனலுக்குப் பெரும்பாலும் 24 வோல்ட் சுற்றி இருக்கும். மூன்றுக்கு 72, நான்குக்கு 96. நூற்றுக்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த எண் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது அளந்தது. வெப்பம் குறையக் குறைய வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம். 5 டிகிரி நிலவும் ஒரு விடியற்காலையில் 96 என்பது 101.8 ஆகிவிடும். உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி என்றால் 107 வோல்ட்டைத் தாண்டும். கன்ட்ரோலரின் உள்ளீட்டு எல்லையை ஒரு நொடி மீறினாலும் அதன் உள்ளிருக்கும் பாகங்கள் எரிந்துபோகலாம், உத்தரவாதமும் அதற்குப் பொருந்தாது. பேட்டரி நிறைந்திருக்கிறதே, மின்னோட்டம் இல்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது, ஏனெனில் மின்னோட்டம் இல்லாதபோதுதான் வோல்டேஜ் அந்த உச்சத்தில் நிற்கும்.

பேட்டரி பழுதா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று விவரங்கள் வேண்டும். ஒன்று, மானிட்டரின் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்கும் பாகம்) பேட்டரியின் எதிர்முனைக்கு அடுத்து உள்ளதா, பேட்டரியின் எதிர்முனையில் ஷன்ட்டுக்குச் செல்லும் கம்பியைத் தவிர வேறு கம்பி எதுவும் நேரடியாக முடுக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு, இன்வெர்ட்டர் நாள் முழுவதும் இயங்கும் நிலையில் இருக்கிறதா? மூன்று, நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை எங்கேனும் இரவல் வாங்கி, இரவு எல்லாவற்றையும் அணைத்தபின் பேட்டரியின் நேர்முனைக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று சொல்லுங்கள். வாங்கும் முடிவை அதுவரை ஒத்திவையுங்கள்.

குளிர்நாடோடி

வோல்டேஜ் ஏறும் விஷயத்தை நான் பட்டுத்தான் அறிந்தேன். உறைபனி விழுந்த ஒரு காலையில் கன்ட்ரோலர் திரை இருண்டது, பிறகு அது எழவே இல்லை. மின்கணக்கு சொன்ன கூட்டலைப் பேனல் பொருத்துவதற்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

வெயில்தடம்

மிக்க நன்றி. பேனல் வாங்குவதை நிறுத்திவைத்துவிட்டேன். சீட்டில் 24.1 வோல்ட் என்றுதான் இருக்கிறது.

கேட்ட விவரங்கள் இதோ. இன்வெர்ட்டரை நாங்கள் அணைப்பதே இல்லை, மடிக்கணினிகளின் சார்ஜர்கள் அதில்தான் செருகப்பட்டிருக்கின்றன. இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாக எண்ணி அளந்தபோது 2.2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரின் பொத்தானை அமர்த்தியதும் அது 0.4 ஆம்பியராக இறங்கியது. எஞ்சிய 0.4 எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிக்கும், பம்ப் கட்டுப்பாட்டுப் பலகைக்கும், மானிட்டருக்கும் செல்கிறது.

பேட்டரியின் எதிர்முனையைப் பார்த்தபோது என் நெஞ்சு ஒரு கணம் நின்றது. ஷன்ட்டுக்குச் செல்லும் தடித்த கம்பியோடு மெல்லிய கறுப்புக் கம்பி ஒன்றும் அங்கே முடுக்கப்பட்டிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் இணையக் கருவியை 12 வோல்ட்டுக்கு மாற்றியபோது நானே போட்ட இணைப்பு அது. வேறு இடம் தேடச் சோம்பி, கைக்கு எட்டிய முனையில் மாட்டிவிட்டேன்.

மின்கணக்கு

காணாமற்போன 33 சதவீதம் கிடைத்துவிட்டது.

ஷன்ட் என்பது மின்னோட்டம் கடந்துசெல்லும் ஒரு சுங்கச்சாவடி போன்றது. அந்த வழியாகப் போவதையும் வருவதையும் மட்டுமே அது எண்ணும். சாவடியைத் தவிர்த்துப் பின்வழியாகப் போகும் சுமை அதன் பேரேட்டில் ஏறாது. நீங்கள் மாலை ஐந்து மணிக்கு வந்து நின்றதிலிருந்து இரண்டாம் விடியல் வரை இணையக் கருவி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும்? முதல் மாலை ஐந்து மணி நேரம், மறுநாள் பதினான்கு, ஆக 19. அதை 45 வாட்டால் பெருக்கினால் 855 வாட்-மணி. 12 வோல்ட் என்று சொல்லப்படும் உங்கள் பேட்டரியின் பெயரளவு வோல்டேஜ் உண்மையில் 12.8, ஆகவே அதன் முழுக் கொள்ளளவு 2560 வாட்-மணி. 855 என்பது அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. மானிட்டர் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியாததைத்தான் அது சொல்லவில்லை. பேட்டரி உண்மையாகவே காலியாகியிருக்கிறது, பாதுகாப்புச் சுற்றும் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது.

ஈய-அமில பேட்டரியாக இருந்திருந்தால் வோல்டேஜ் மெல்ல மெல்லச் சரிந்து உங்களுக்கு எச்சரிக்கை தந்திருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் இயல்பு வேறு. 80 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை இறங்கும்போது ஓய்வுநிலை வோல்டேஜ் 0.2 வோல்ட் அளவே மாறும், கடைசிச் சில சதவீதத்தில் செங்குத்தாக விழும். ஆகவே இந்த வகைப் பேட்டரியோடு வாழ்பவருக்கு எண்ணிக் கணக்கு வைக்கும் மானிட்டர்தான் கண். அந்தக் கண்ணும் முழு நிறைவை அவ்வப்போது கண்டால்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பல வாரங்கள் பேட்டரி 100 சதவீதத்தைத் தொடாமலே இருந்தால், சரியாக இணைத்த ஷன்ட்டிலும் சிறு பிழைகள் சேர்ந்து கணக்கு விலகிவிடும்.

அடுத்தது இன்வெர்ட்டர். சுமை எதுவும் இல்லாதபோதே அது 1.8 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 22 வாட் தின்கிறது. 24 மணி நேரத்துக்கு 528 வாட்-மணி. உங்கள் குளிர்பெட்டியின் ஒருநாள் செலவுக்கு இணையான ஒன்று பட்டியலிலேயே இல்லாமல் போயிருக்கிறது! எச்சரிக்கைக் கருவி முதலியவற்றின் 0.4 ஆம்பியர் ஒரு நாளைக்கு 120 வாட்-மணி. இவ்விரண்டையும் சேர்த்தால் உங்கள் உண்மைச் செலவு 2728. (எரிவாயு எச்சரிக்கைக் கருவியின் ஃப்யூஸை மட்டும் சிக்கனத்துக்காக ஒருபோதும் பிடுங்கிவிடாதீர்கள். அது காக்கும் உயிருக்கு முன் அந்தச் சில வாட்டுகள் ஒரு பொருட்டே அல்ல.)

வரவுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். கன்ட்ரோலரின் நினைவில் நாள்வாரி விளைச்சல் பதிவாகியிருக்கும். அந்த நாட்களில் எவ்வளவு வந்தது?

வெயில்தடம்

நான்கு நிகழ்வுகளிலும் 1400க்கும் 1600க்கும் இடையே. நான் எதிர்பார்த்த 3000இல் பாதிதான். வானம் தெளிவாகவே இருந்தது. உச்சிவேளையில்கூட 450 வாட்டுக்கு மேல் ஒருமுறையும் நான் பார்த்ததில்லை. பேனல்களில் குறையா?

நிழல்தேடி

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனெனில் என் முதல் ஆண்டு முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் கழிந்தது.

பேனலின்மேல் அச்சிட்ட 200 வாட் என்பது ஆய்வகத்தில் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியைச் செங்குத்தாகப் பாய்ச்சி, செல்லை 25 டிகிரியில் வைத்து அளந்த எண். கூரையில் அந்தச் சூழல் ஏறக்குறைய என்றுமே அமையாது. வெயில் நன்றாக இருக்கும்போது செல்லின் வெப்பம் 60 டிகிரியை எளிதில் தாண்டும், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்தாலும் அதிலேயே 12 சதவீதம் போய்விடும். தூசி, மகரந்தம், பறவை எச்சம், கம்பி இழப்பு, கன்ட்ரோலர் இழப்பு ஆகியவை மேலும் கொஞ்சம் எடுக்கும். பேனல் கிடைமட்டமாகக் கிடப்பதால் காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக வழுக்கிப் போகிறது. ஆகவே உச்சிவேளையில் 600க்கு 450 என்பது குறையில்லாத, ஆரோக்கியமான அமைப்பின் அடையாளம். ஐந்து மணி வெயிலுக்கு 600 வாட்டிலிருந்து 2100 வாட்-மணி என்று நான் கணக்கிடுவேன்.

2100க்கும் 1500க்கும் இடையே உள்ள 600தான் கவனிக்கவேண்டியது. என் ஊகம் நிழல். பேனலுக்கு அருகே கூரையில் என்ன இருக்கிறது? விசிறியின் மூடியைத் திறந்தால் அது எவ்வளவு உயரம் நிற்கிறது?

வெயில்தடம்

விசிறி மூடி, குளிரூட்டியின் கூடு, இணையக் கருவியின் தட்டு மூன்றும் கூரையில்தான் இருக்கின்றன. மூடி திறந்திருக்கும்போது காலை பத்து மணி வரை நடுப் பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுகிறது. பிற்பகல் மூன்றுக்குமேல் குளிரூட்டியின் நிழல் பின் பேனலில் ஏறுகிறது. மேலும், வெப்பம் தாங்காமல் நாங்கள் பெரும்பாலும் மரத்தை ஒட்டியே வண்டியை நிறுத்துகிறோம்.

கூரைவாசி

அப்படியானால் தொடரிணைப்பை விட்டுவிட்டுப் பக்கவிணைப்புக்கு மாறுங்கள். தொடரில் ஒரு பேனல் நிழலில் இருந்தால் மூன்றும் முடங்கும், பக்கவிணைப்பில் மற்ற இரண்டும் தப்பிக்கும். இது எல்லோரும் அறிந்ததுதான்.

நிழல்தேடி

நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு நாள் அட்டைத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறி அளந்து பார்த்த பிறகு என் நம்பிக்கை மாறியது.

ஒவ்வொரு பேனலுக்குள்ளும் செல்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பைபாஸ் டையோடு இருக்கிறது. 36 செல் பேனலில் பொதுவாக 18 செல்களுக்கு ஒன்றாக இரண்டு டையோடுகள். ஒரு மூலையில் அடர்ந்த நிழல் விழுந்தால் அந்தப் பாதிப் பேனலை மட்டும் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போய்விடும். மூன்று பேனல் தொடரில் ஆறு பாதிகள். ஒன்று போனால் 60 வோல்ட் 50 ஆகிறது, ஆறில் ஒரு பங்குதான் இழப்பு. பக்கவிணைப்பிலோ, பாதி செத்த பேனல் 10 வோல்ட்தான் தரமுடியும், மற்றவை 20 வோல்ட்டில் நிற்கின்றன. ஆகவே அந்தப் பேனல் முழுவதுமே பயனற்றுப்போகிறது, இழப்பு மூன்றில் ஒரு பங்கு. மூலையில் விழும் சிறு நிழலுக்குத் தொடரே மேல் என்பது இதனால்தான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிழல் விழுந்த தொடரில் மின்திறனுக்கு இரண்டு சிகரங்கள் தோன்றும், ஒன்று உயரமானது, மற்றொன்று தாழ்ந்தது. சில கன்ட்ரோலர்கள் தாழ்ந்த சிகரத்தில் ஏறி அமர்ந்துகொண்டு அதுவே உச்சி என்று நம்பிவிடும். நல்ல கன்ட்ரோலர் குறிப்பிட்ட இடைவெளியில் முழு வரம்பையும் துழாவிப் பார்த்து உயர்ந்ததைப் பிடிக்கும். உங்களுடையது எந்த ரகம் என்பதை அட்டைத்துண்டு சொல்லிவிடும். உச்சிவேளையில் ஒரு பேனலின் மூலையை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள்.

இலைகளின் வழியே மூன்று பேனல்களிலும் புள்ளி புள்ளியாக நிழல் விழுகிறது என்றால் இரண்டு இணைப்புமே உங்களைக் காப்பாற்றாது. மாறாக ஒரு பேனல் முழுவதும் நெடுநேரம் நிழலில் இருந்து, கன்ட்ரோலரும் துழாவாத ரகமாக இருந்தால், அப்போது கூரைவாசி சொல்வதே சரி.

மின்கணக்கு

பக்கவிணைப்புக்கு மாற எண்ணுபவர்கள் இன்னும் இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். வெயில்தடம் அவர்களின் வண்டியில் கூரையிலிருந்து கன்ட்ரோலர் வரை 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போகவர 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை 0.029 ஓம். தொடரில் 10 ஆம்பியர் ஓடும்போது 60 வோல்ட்டில் 0.3 வோல்ட்கூட இழப்பில்லை. பக்கவிணைப்பில் 30 ஆம்பியர் ஓடினால் 20 வோல்ட்டில் 0.86 வோல்ட், அதாவது நான்கு சதவீதத்துக்கு மேல் கம்பியிலேயே வெப்பமாகப் போகும். அடுத்தது பாதுகாப்பு: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பேனல்களைப் பக்கவிணைப்பில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். ஒரு பேனலில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மற்ற இரண்டின் மின்னோட்டமும், ஏறத்தாழ 20 ஆம்பியருக்கு மேல், அதற்குள் பின்னோக்கிப் பாயும். அதைத் தாங்கும்படி அந்தப் பேனல் செய்யப்படவில்லை.

கூரைவாசி

இவ்வளவு விரிவாக நான் சிந்தித்ததில்லை. என் வண்டியில் நான்கு பேனல்கள் பக்கவிணைப்பில், ஃப்யூஸ் இல்லாமல்தான் இருக்கின்றன. இந்த வாரமே போட்டுவிடுகிறேன்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். பேனலுக்கும் கூரைக்கும் இடையே காற்று ஓட விரற்கடை அளவேனும் இடைவெளி விடுங்கள். கூரையோடு ஒட்டும் வளையும் பேனல்களை முதலில் நான் பயன்படுத்தினேன். அடியில் காற்றில்லாமல் அவை கொதித்து, மூன்றாம் ஆண்டிலேயே மேல்பரப்பு பழுத்துக் கொப்பளித்தன. பிடிமானத்துக்குத் துளையிட்ட இடங்களில் பியூட்டைல் நாடாவும் அதன்மேல் கூரைப்பூச்சும் கட்டாயம். நீர்க்கசிவு உள்ளே மரத்தை அரித்து முடிக்கும் வரை வெளியே தெரியாது.

பழையசக்கரம்

இன்வெர்ட்டரைப் பற்றிப் பேச்சு வந்ததால், நான் கண்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. நாற்காலிக்கு அடியில் இருந்த பேட்டரியிலிருந்து ஒரு நாள் பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. மின்தூண்டல் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தோம். திறந்து பார்த்தால் இன்வெர்ட்டர் கம்பியின் லக் (கம்பி முனையில் நட்டோடு சேரும் உலோக வளையம்) கறுத்து, அதன் உறை உருகி வழிந்திருந்தது. ஃப்யூஸ் போகவே இல்லை, போகவும் போகாது, ஏனெனில் மின்னோட்டம் அளவை மீறவில்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி நட்டு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

1800 வாட் அடுப்புக்கு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், 12.8 வோல்ட்டில் 156 ஆம்பியர் ஓடுகிறது. தளர்ந்த ஒரு முனையில் வெறும் ஆயிரத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் 24 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு சாலிடரிங் அயர்னின் முனையை அங்கே ஒட்டிவைத்தது போல. வீட்டில் போட்ட மின்னிணைப்பு போட்ட இடத்திலேயே இருக்கும், நம்முடையதோ ஒவ்வொரு நாளும் மேடுபள்ளத்தில் உதறப்படுகிறது. அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பேட்டரியின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சரிபார்க்கிறேன். பெரிய சுமை ஓடும்போது முனைகளை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஃப்யூஸ் இருக்கவேண்டும், அதுவும் கிளாஸ் டி (Class T) ரகமாக. லித்தியம் பேட்டரியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் அதனுள் மின்பொறி அணையாமல் தொடரக்கூடும், கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கவல்லது. மாறுமின்னோட்டத்துக்கான வீட்டு பிரேக்கரைக் கொண்டுவந்து பேனல் பக்கத்தில் பொருத்துவதையும் பார்த்திருக்கிறேன். மாறுமின்னோட்டம் நொடிக்குப் பலமுறை பூச்சியத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், நேர்மின்னோட்டத்துக்கு அந்தக் கருணை இல்லை.

குளிர்நாடோடி

வெயில்தடம் அவர்கள் இப்போது வெப்பமான பருவத்தில் இருக்கிறார் என்று புரிகிறது. குளிர்ப் பகுதிக்குப் போகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே இரண்டு செய்திகள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைச் செல் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்யக்கூடாது. லித்தியம் எதிர்மின்வாயின் உள்ளே நுழையமுடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் மீளாது. மின்சாரத்தை எடுப்பதற்கு இந்தத் தடை இல்லை, ஆகவேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்: விளக்கு எரிகிறது, பம்ப் ஓடுகிறது, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டு காலையில் எஞ்சினைக் கிளப்புகிறார்கள், டிசி-டிசி சார்ஜர் உறைந்த பேட்டரிக்குள் 30 ஆம்பியரைத் திணிக்கிறது. உங்கள் பாதுகாப்புச் சுற்றில் தாழ்வெப்பத் துண்டிப்பு உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல் வாழும் பகுதிக்குள் வைப்பது மிக எளிய தீர்வு.

இரண்டாவது, தாழ்ந்த சூரியன். 45 டிகிரி அட்சரேகையில், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று, நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 21.5 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கிடைமட்டப் பேனல் அந்த நேரடி ஒளியில் 37 சதவீதத்தையே ஏந்தும். அதே பேனலைச் சூரியனை நோக்கி 45 டிகிரி சாய்த்தால் 92 சதவீதம், அதாவது இரண்டரை மடங்கு. கோடையில் சாய்ப்பதால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது, அதற்காக ஏணியில் ஏறத் தேவையில்லை.

நிழல்தேடி

மரநிழலா மின்சாரமா என்ற இழுபறியை நாங்கள் தரையில் விரிக்கும் ஒரு பேனலால் தீர்த்தோம். வண்டி நிழலில், பேனல் வெயிலில். நாளில் மூன்றுமுறை அதைத் திருப்பி வைப்பது ஒரு வேலைதான், ஆனால் திருப்பி வைக்கும் 200 வாட் பேனல் கிடைமட்டமாகக் கிடக்கும் பேனலை விடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகத் தருகிறது. இதை ஏற்கெனவே உள்ள தொடரோடு கலக்காதீர்கள், தனியாக ஒரு சிறிய கன்ட்ரோலர் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கன்ட்ரோலரின் எதிர்முனையும் ஷன்ட்டின் சரியான பக்கத்தில் இருக்கட்டும்.

வெயில்தடம்

பதினாறு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். இடைப்பட்ட நாட்களில் நாங்கள் செய்தவற்றையும் அளந்தவற்றையும் பதிவுசெய்வது உங்கள் அனைவருக்கும் நான் பட்ட கடன்.

இணையக் கருவியின் எதிர்முனைக் கம்பியை ஷன்ட்டின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். அதன் நேர்முனைக் கம்பியில் ஃப்யூஸே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது, அதையும் போட்டாயிற்று. மடிக்கணினிகளுக்கு 12 வோல்ட்டிலேயே இயங்கும் யுஎஸ்பி-சி சார்ஜர் பொருத்தினோம். இன்வெர்ட்டர் இப்போது நாளுக்கு இரண்டு மணி நேரம், மனைவி மிக்ஸியையும் முடி உலர்த்தியையும் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் இயங்குகிறது. இணையக் கருவியை 14 மணி நேரத்திலிருந்து வேலை நேரமான 9 மணிக்குக் குறைத்தோம். மானிட்டர் காட்டும் ஒருநாள் செலவு இப்போது 1950 வாட்-மணியை ஒட்டியே இருக்கிறது. முன்பு இருந்த 2728ஐ விட ஏறத்தாழ 780 குறைவு. எந்த வசதியையும் இழந்ததாக நாங்கள் உணரவில்லை.

அட்டைத்துண்டுச் சோதனையையும் செய்தேன். 450 வாட் வந்துகொண்டிருந்தபோது நடுப் பேனலின் மூலையை மூடினேன். சட்டென்று 200க்குக் கீழே விழுந்தது, ஏழு நிமிடத்துக்குப் பின் தானாகவே 370க்கு ஏறி நின்றது. ஆக, கன்ட்ரோலர் துழாவுகிறது, ஆனால் மெதுவாக. இணைப்பை மாற்றவில்லை. அதற்குப் பதிலாக, காலையில் விசிறி மூடியைப் பாதி மட்டும் திறக்கிறோம். இணையத் தட்டைக் கூரையின் பின் விளிம்புக்கு நகர்த்திவிட்டேன். திறந்தவெளியில் நின்ற நாட்களில் விளைச்சல் 1700 முதல் 1900 வரை வந்தது.

சென்ற வாரம் ஓரிடத்தில் நான்கு நாட்கள் தொடர்ந்து நின்றோம். இரண்டாம் விடியலில் 48 சதவீதம், மூன்றாம் விடியலில் 38 சதவீதம். அன்று முழுவதும் மேகம் மூடி 600 வாட்-மணிதான் கிடைத்தது. வேலை முடிந்தபின் தண்ணீர் நிரப்பவும் காய்கறி வாங்கவும் இரண்டரை மணி நேரம் வண்டியை ஓட்டினோம், டிசி-டிசி சார்ஜர் வழியாக ஏறத்தாழ 1000 வாட்-மணி வந்தது. நான்காம் விடியலில் 24 சதவீதம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிர்பெட்டி ஓடும் ஒலியைக் கேட்டு என் மனைவி எழுந்து உட்கார்ந்து, மானிட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

நட்டுகளைச் சரிபார்த்ததில் இன்வெர்ட்டரின் எதிர்முனை அரைச்சுற்று தளர்ந்திருந்தது. பழையசக்கரம் அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

இப்போது எஞ்சியிருக்கும் கேள்வி ஒன்றுதான். தரையில் விரிக்கும் 200 வாட் பேனலுக்கு 15 மீட்டர் கம்பி தேவைப்படும் என்று நினைக்கிறேன். 4 சதுர மில்லிமீட்டர் போதுமா, 6 வேண்டுமா?

மின்கணக்கு

கன்ட்ரோலரை வண்டிக்குள் பேட்டரிக்கு அருகே வையுங்கள், நீண்ட கம்பி பேனல் பக்கத்தில் இருக்கட்டும். அப்போது 10 ஆம்பியர், 20 வோல்ட், போகவர 30 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டரில் 1.3 வோல்ட் இழப்பு, ஆறரை சதவீதம். 6இல் 0.86 வோல்ட், நான்கு சதவீதத்தைச் சற்றே தாண்டும். சுருட்டி எடுத்துவைக்க 4 எளிது, நான் 4தான் வைத்திருக்கிறேன். பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி4 இணைப்பான்களை இரு பக்கமும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்குங்கள். வெவ்வேறு தயாரிப்புகள் பொருந்துவது போலத் தோன்றினாலும் உள்ளே தொடுமுனைகள் சரியாகக் கவ்வாமல் சூடேறும். இணைக்கும்போது முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு, பிறகு பேனலை. கழற்றும்போது முதலில் பேனல்.

வெயில்தடம்

4 வாங்குகிறேன். நன்றி.